நாக்பூரில் மழை பெய்தால்

“ஏனுங்க, நாக்பூர்ப் பக்கம் மழை பேஞ்சுதுங்களா?” என்று கேட்டபடி மயிலம்மாள் பால் சொசைட்டி மேசைமேல் தூக்குப்போசியை வைக்கிறாள். சொசைட்டிக்காரர் அளவையிலிருந்து கண்ணை எடுக்காமல், “நம்மூர்ல பேஞ்சுதான்னு கேளு, சொல்றேன்” என்கிறார். அடுத்து அவள் டீக்கடையில் கேட்பாள். அங்கும் பதில் கிடைக்காவிட்டால், ராசிபுரத்திலிருந்து சேலம் போகிற பஸ்ஸில் பூ மூட்டையை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இறக்கிவிட்டு நடத்துநரைப் பிடித்துக்கொள்வாள். வைகாசி பாதி தாண்டினால் இந்தக் கேள்வி வரும் என்று ஊஞ்சக்காட்டில் எல்லாருக்கும் தெரியும். அவளுடைய அரளிக் காட்டில் தை மாதத்துக்குப் பிறகு ஒரு தூறல் விழவில்லை. அதைப் பற்றி யாரிடமும் விசாரித்ததில்லை.

சாயங்காலம் வீட்டில் இந்திச் செய்தி ஓடும். மயிலம்மாளுக்கு இந்தியில் ஒரே ஒரு சொல்தான் தெரியும்: பாரிஷ். மழை. செய்தி வாசிக்கிற பெண் எவ்வளவு வேகமாகப் பொரிந்தாலும் அந்தச் சொல் விழுகிற இடத்தில் இவள் கை சோற்றுத் தட்டில் நின்றுவிடும். முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களைத் திரையில் காட்டினால் முகம் பூரித்துப்போகும். “ஊரான் ஊடு வெள்ளத்துல போறதப் பாத்துச் சிரிக்கிற பொம்பள இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்” என்பாள் ஆத்தாயி. ஆத்தாயி பக்கத்துக் காட்டுக்காரி. மயிலம்மாளோடு சேர்ந்து பூப் பறிக்கிறவள். வயதில் மூத்தவள், வாயில் இன்னும் மூத்தவள்.

மழைக் கிறுக்குக்குக் காரணம் வெங்கடாசலம். மயிலம்மாளின் வீட்டுக்காரர். திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் ரிக் வண்டியில், ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டியில், அவர் ட்ரில்லர். கல்யாணமான வருடத்திலிருந்து வடக்கேதான் பிழைப்பு. சில வருடம் ராய்ப்பூர்ப் பக்கம், சில வருடம் போபால், இப்போது நாக்பூரைச் சுற்றி. அந்தப் பக்கத்துக் கரிசல் மண் நனைந்துவிட்டால் ரிக் வண்டி காட்டுக்குள் இறங்காது, சக்கரம் புதைந்துவிடும். மழை பிடித்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் ஆட்கள் ஊருக்கு ரயில் ஏறுவார்கள். மழை ஓய்ந்து, இங்கே ஆயுத பூஜை முடிந்த கையோடு திரும்பப் போய்விடுவார்கள். எங்கேயோ பெய்த மழையின் நீளம்தான் மயிலம்மாளின் குடும்ப வாழ்க்கை. வடக்கே மழை பொய்த்த வருடம் அவர் ஆடியில் வந்து, இப்போது கட்டிக்கொடுத்துவிட்ட மகளுக்கு அப்போது வந்த காய்ச்சல் தணிவதற்குள் போய்விட்டார். வெள்ளம் வந்த வருடம் ஐப்பசி கடைசி வரைக்கும் இருந்தார். அந்த வருடத்தை அவள் “வெள்ளத்து வருசம்” என்றுதான் சொல்வாள். கேட்கிறவர்கள் ஊஞ்சக்காட்டில் எப்போது வெள்ளம் வந்தது என்று விழிப்பார்கள்.

ஆயுத பூஜைக்கு, திருச்செங்கோட்டிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்புகிற வண்டியின் முகத்தில் ஆள் உயரத்துக்குச் செவ்வரளி மாலை சார்த்துவார்கள். அந்த மொக்கு பல வருடம் மயிலம்மாளின் காட்டிலிருந்தே போயிருக்கிறது. “என்ற பூவையே மாலையாப் போட்டுக்கிட்டு, என்ற ஊட்டுக்காரரையே ஏத்திக்கிட்டுப் போறானுங்க” என்று அவள் சொன்னால் மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

காடு சின்னதுதான். வெள்ளை அரளி ஒரு பக்கம், செவ்வரளி ஒரு பக்கம், வரப்போரம் கொஞ்சம் மஞ்சள். முன்னே நிலக்கடலை போட்ட மண். அரளிக்குத் தண்ணீர் குறைவாகப் போதும், ஆடு மாடு வாய் வைக்காது, வேலி வேண்டாம். புருஷன் ஊரில் இல்லாத வீட்டுக்கு ஏற்ற செடி என்று அவளே யோசித்து வைத்தாள். இந்தப் பூவை யாரும் தலையில் சூட மாட்டார்கள். சாமிக்குப் போகும், லாரிக்குப் போகும். விரிந்த பூ மாலைக்கு ஆகாது என்பதால் கிழக்கு வெளுக்கிற நேரத்திலேயே நாளைக்கு மலரப்போகிற மொக்காகப் பார்த்துக் கிள்ள வேண்டும். மயிலம்மாள் இடது கையால் கிளையை வளைத்து, வலது கையால் கிள்ளி, மடியைப் பார்க்காமலே மடிக்குள் போடுவாள். கிள்ளுகிற இடத்தில் பால் கசியும். பட்டுப் பட்டுத் தோல் உரியும். அதற்காக விளக்கெண்ணெய் பூசிக்கொள்வாள். விரல்கள் எப்போதும் மினுமினுவென்று, இப்போதுதான் யாருக்கோ தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு வந்தவள் போல இருக்கும்.

இரண்டு கையும் வேலையில் இருப்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலைத்துண்டுக்குள், காதோரமாகச் செருகிக் கட்டிக்கொள்வாள். வெங்கடாசலத்துக்கும் அதுதான் வேலை தொடங்குகிற நேரம். “டீ குடிச்சாச்சா?” என்பார் அவர். “ஆச்சுங்க.” அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடாது. தூரத்தில் இருக்கிறவர்களிடம் நல்லதை மட்டும் சொல்வது என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே பழகிப்போகிறது. எருமைக்கன்று செத்ததை அவள் சொல்ல மாட்டாள். ராடு நழுவிக் கால்விரல் நசுங்கியதை அவர் சொல்ல மாட்டார். நல்லது தீர்ந்த பிறகு கம்ப்ரசர் சத்தம்தான். இருவரும் போனை வைப்பதில்லை. நாக்பூர்ப் பக்கத்து ஏதோ ஒரு காட்டில் பாறையைக் குடைகிற சத்தம் ஊஞ்சக்காட்டு அரளி வரிசைகளுக்கிடையே நடந்து போகும். சத்தம் அடைத்துக்கொண்டால், “கல்லுங்களா?” என்று கேட்பாள். “ஆமா” என்று வரும். அந்த ஓர் ஆமாவுக்காக அவள் காத்திருந்தது முகத்தில் தெரியும். “ஊர்ல அவனவன் பொண்டாட்டிகிட்டக் கொஞ்சிப் பேசறான், உன்ற ஆளு மிசினு ஓட்டிக் காட்டறான்” என்று பக்கத்து வரிசையிலிருந்து ஆத்தாயி குரல் கொடுப்பாள்.

பாதி இந்தியாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்த வெங்கடாசலத்துக்குச் சொந்தக் காடு மட்டும் மசியவில்லை. ஒவ்வொரு மழை விடுமுறைக்கும் உள்ளூர் ரிக்கை வாடகைக்குப் பிடித்து ஒரு போர் போட்டுப் பார்த்தார். தண்ணீர் இல்லாத துளையிலிருந்து வெறும் மண்தூசி பறக்கும்; ரிக்காரர்கள் அதைப் புகை என்பார்கள். மூன்று தடவை புகை. “ஊருக்கெல்லாம் தண்ணி குடுத்தவரு எனக்குப் பொகையக் குடுத்தாரு” என்று அவள் சொல்லிக்காட்டாத உறவுக்காரர் இல்லை. நாலாவதற்கு நீரோட்டம் பார்க்கிறவரைக் கூப்பிட அவர் கிளம்பியபோது மயிலம்மாள், வெயில் நாளில் நாய் பள்ளம் பறித்துப் படுக்கிற இடத்தைக் காட்டினாள். “நாய் சொல்ற எடத்துலயா?” என்று சிரித்தார். “பார்க்கறவரு சொன்ன எடத்துலதானுங்க மூணு வாட்டியும் பொகை வந்துச்சு.” அந்த இடத்தில் வந்தது. சேறும் தண்ணீருமாகப் பீய்ச்சி அடித்ததில் நனைந்து, வெங்கடாசலம் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததே குறைவு.

அன்றைக்கு அவர் சொன்னதை மயிலம்மாள் எழுத்துப் பிசகாமல் சொல்வாள்: “மயிலா, வண்டிக்காரருக்கு வாக்குக் குடுத்திருக்கறேன். இன்னும் ரெண்டு வருசம். அப்பறம் ஊட்டோட வந்தர்றேன். நீ பூவப் பாரு, நான் தண்ணியப் பாக்கறேன்.”

அந்த இரண்டு வருடம் இந்த ஆனியில் முடிகிறது. வருகிற மழைக்கு வந்தால், ஆயுத பூஜைக்கு அவர் போக மாட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி ஒரு மழைக்காகக் காத்திருந்ததில்லை.

அந்தப் போர் மேலேதான் சாலை வருகிறது.

முதலில் வந்தது ஒரு ட்ரோன். மருந்தடிக்க வந்திருக்கிறது என்று நினைத்து ஆத்தாயி சோற்றுப்போசியை மூடிவைத்தாள். பிறகு முக்காலியில் கருவி பூட்டி இரண்டு பேர் வந்தார்கள். தண்ணீர் கேட்டார்கள், மயிலம்மாள் அந்தப் போரிலிருந்தே பிடித்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு, இனிப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, செவ்வரளி வரிசைக்கு நடுவே ஒரு கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். பிறகுதான் விவரம் தெரிந்தது. ஆறுவழிச் சாலை. ஏற்கெனவே இருக்கிற சாலையை அகலப்படுத்தாமல், நேர்கோடு போட்டு, காடு காடாகத் தாண்டிக்கொண்டு போகிறது. ஊஞ்சக்காட்டில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிற சண்முகவேல் சங்கம் ஒன்று தொடங்கினார். வீட்டுக்கு வீடு கறுப்புக்கொடி ஏறியது. சில இளவட்டங்கள் கல்லைப் பிடுங்கிப் போட்டு வழக்கு வாங்கினார்கள். மயிலம்மாள் காட்டுக் கல் அப்படியே நின்றது. ஆத்தாயி அதன்மேல் போசியை வைத்துச் சாப்பிட்டாள். “கவர்மெண்ட்டுல நமக்குக் குடுத்த ஒரே ஸ்டூலு இதுதான்” என்றாள்.

போராட்டத்துக்கு மயிலம்மாள் தவறாமல் போனாள். ஆனால் கோஷம் போடத் தெரியாது. “விட மாட்டோம், விட மாட்டோம்” என்று கூட்டம் சொல்லி முடித்த பிறகு அவளுடைய ஒற்றைக் குரல், பஸ்ஸைத் தவறவிட்டவள் ஓடிவருவதுபோல, “மாட்டோமுங்க” என்று வந்து சேரும். சண்முகவேல் மைக்கை மூடிக்கொண்டு, “அம்மிணி, ரோட்டுக்காரனுக்கு எதுக்கு மரியாதை?” என்பார். அவளுக்கு ‘ங்க’ போடாமல் பேச வராது. நாயைத் துரத்தும்போதுகூட, “போங்க அக்கட்டால” என்றுதான் துரத்துவாள்.

சாலை விஷயத்தை மட்டும் வெங்கடாசலத்திடம் மறைக்க முடியவில்லை. அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, “நான் பாக்காத ரோடா மயிலா?” என்றார். அவர் போன வழியெல்லாம் சாலையோரம் ஜனங்கள் கொடி பிடித்து உட்கார்ந்திருப்பார்களாம். மறுவருடம் அதே வழியில் ரிக் போகும்போது கொடி இருக்காதாம், சாலை இருக்குமாம். அந்த வழவழப்பான சாலையில் வண்டி ஓட்டுவது எவ்வளவு சுகம் என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். இப்போது அதைச் சொல்லவில்லை. பேச்சை மாற்ற, “இங்கெல்லாம் ரோட்டு நடுவுல என்ன செடி வெச்சிருக்கறான்னு சொல்லு பாப்போம்? நம்ம அரளி” என்றார். மறுநாள் போட்டோ அனுப்பினார். போகிற சாலைக்கும் வருகிற சாலைக்கும் நடுவே, கண்ணுக்கெட்டிய தூரம் செவ்வரளி பூத்துத் தள்ளியிருந்தது.

“யாருங்க பறிக்கறாங்க?” என்று கேட்டாள்.

“யாரும் பறிக்கறதில்ல. உதுந்து கெடக்கும்.”

அந்தப் போட்டோவை அவள் பல நாள் பார்த்தாள். வரப்பில் உட்கார்ந்து, எண்ணெய் விரலால் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பிடி என்னத்தப் பாக்கறே?” என்றாள் ஆத்தாயி. “பூவத்தானுங்க்கா” என்றாள். ஆத்தாயி எட்டிப் பார்த்தாள். திரையில் பூ இல்லை. வெயில் முதுகுப்பக்கம் இருக்க நின்று எடுத்திருக்கிறார். படத்தின் அடிமூலையில் தார்மேல் அவருடைய நிழல் விழுந்திருந்தது. மயிலம்மாள் அதைத்தான் திரை நிறைய வைத்திருந்தாள். ஆத்தாயி தன் வரிசைக்குத் திரும்பிப் போய்க் கிளையை வளைத்தாள்.

பிறகு ஒரு நாள் வெங்கடாசலம் தான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார். குடுக்கிறதை வாங்கிக்கொள்ளலாம். தான் இன்னும் சில வருடம் ரிக்கிலேயே இருந்துகொள்ளலாம். வேறு பக்கம் காடு பார்க்கலாம். அவர் குரலில் கோபமோ சலிப்போ இல்லை. ரிக்கில் இருக்கிறவனுக்கு ஒரு துளை புகைந்தால் அடுத்த துளைக்கு வண்டியை நகர்த்துவது வழக்கம்.

“வேற பக்கம் தண்ணி இருக்குமுங்களா?” என்று கேட்டாள் மயிலம்மாள்.

பூமிக்கு அடியில் பார்த்தவருக்கு அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வரிசை முடிகிற வரைக்கும் அவள் பறித்துக்கொண்டே போனாள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் வைகாசிக் கடைசியில் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்தது. “அவங்க கேக்கறது கருத்து, நாம கேக்கறது காடு” என்று சொல்லிக்கொண்டே ஆத்தாயி மண்டபத்துப் படியேறினாள். மயிலம்மாள் பூ மார்க்கெட்டிலிருந்து நேரே வந்திருந்தாள். வாசலில் பெண் காவலர்கள் ஒவ்வொருவரின் பையையும் சோதித்தார்கள். இவள் பையில் கைவிட்ட காவலர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, “என்னம்மா இது?” என்றார். “அரளிங்க” என்றாள் மயிலம்மாள். அவ்வளவுதான். அரளி என்ற சொல் ஒரு போராட்டத்தின் வாசலில் எப்படி ஒலிக்கும் என்று அவளுக்கு உறைக்கவில்லை. விசில் ஊதாத குறை. இரண்டு பேர் ஓடிவந்து அவளைத் தோளில் பிடித்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, எதுவானாலும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். “ஏ தாயி, அது மொக்கு, கொட்டை இல்ல. மார்க்கெட்டுல மிச்சமானது. சாமிக்குப் போடறது” என்று ஆத்தாயி குறுக்கே புகுந்தாள். மயிலம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. கூசிப்போய், பையிலிருந்து ஒரு கை மொக்கு அள்ளி அந்தக் காவலரிடம் கொடுத்து, “புள்ளையாருக்குப் போடுங்க கண்ணு” என்றாள். காவலர் வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் வாங்கிக்கொண்டார்.

சண்முகவேல் அவளுக்கு இரண்டு சொல் கற்றுக்கொடுத்திருந்தார். வாழ்வாதாரம், நிலத்தடி நீர். இந்த இரண்டும் இல்லாமல் மேடையை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். மண்டபம் நெடுக அந்தச் சொற்களை அவள் உதட்டுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். முறை வந்து முன்னால் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி இளவயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். “உட்காருங்கம்மா. உங்க ஆட்சேபணை என்ன?” என்று கேட்டார்.

கேட்ட தோரணையில் மயிலம்மாளுக்குக் கற்றதெல்லாம் மறந்துபோனது. இப்படி உட்காரவைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று அவளை யாரும் கேட்டதில்லை.

“என்ற ஊட்டுக்காரர் வரோணுமுங்க” என்றாள்.

அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். “நெலம் அவர் பேர்லதான் இருக்குதா?”

“ஆமாங்க.”

“அப்ப அவர் வந்து சொல்றதுதான் சரி. எங்க இருக்கார்? எப்ப வருவார்?”

“நாக்பூர்ல மழை பேஞ்சா வருவாருங்க.”

மண்டபம் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார், நல்லவிதமாகவே. இவருடைய நிலத்தின் விசாரணையைத் தனியாக எடுத்து வையுங்கள், நிலத்துக்காரர் நேரில் வருகிற வரைக்கும் முடிக்க வேண்டாம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். “அதில்லீங்க சாமி, அவரு ஊட்டோட வந்தரணும்னு…” என்று அவள் தொடங்குவதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் சொன்னது ஆட்சேபணை. அவர்கள் எழுதிக்கொண்டது வாய்தா.

வெளியே வந்தபோது சண்முகவேல் திட்டுவார் என்று ஆத்தாயியின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். அவரோ வாயெல்லாம் பல்லாக வந்தார். “அம்மிணி, வக்கீலுக்குக்கூட இந்த ரோசனை வந்திருக்காது. உன்ற காடு நட்ட நடுவால இருக்குது. அது முடியாம முன்னால பின்னால ஒண்ணும் பண்ண முடியாது. நாம கோர்ட்டுல தடை வாங்கற வரைக்கும் தாட்டிரலாம். ஒண்ணே ஒண்ணு. இந்த வருசம் உன்ற ஊட்டுக்காரர ஊருப்பக்கம் வர வேண்டாம்னு சொல்லிப்போடு.”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நெம்ப நல்ல ரோசனை என்றார்கள். அவள் தலையை ஆட்டியதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஊரே தன்னைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்டு அவள் கண்டதில்லை. டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி வரும் பஸ் ராசிபுரத்தைத் தாண்டியது. பிறகு ஆத்தாயி ஜன்னலைப் பார்த்தபடியே, “அவனுக்கென்ன, சண்முகவேலுக்கு. அவன் பொண்டாட்டி ஊட்டுலதான இருக்கறா” என்றாள்.

அதற்குப் பிறகு மயிலம்மாள் மழையைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. கேட்காததும் ஊருக்கு உறுத்தியது. சொசைட்டிக்காரரே ஒரு நாள், “ஏம்மா, நாக்பூர்ப் பக்கம் மேகம் கூடிருச்சாம், பேப்பர்ல போட்டிருக்குது” என்று வலியச் சொன்னார். “சரிங்க” என்று போசியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். டிவியில் இந்திச் செய்தியை மாற்றிச் சீரியல் வைத்தாள். அதில் யாரோ ஒருத்தி ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்து அழுதாள்; அதையும் மாற்றிவிட்டாள். எருமைக்குத் தவிடு கலக்கும்போது, “இப்ப வர வேண்டாமுங்க” என்று சொல்லிப் பார்த்தாள். எருமை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வாயை வைத்தது.

ஆனி பிறந்த வாரத்தில் ஒரு விடியற்காலை, செவ்வரளியின் கடைசி வரிசையில் இருந்தபோது அழைப்பு வந்தது. கம்ப்ரசர் சத்தம் இல்லை. தகரக் கூரைமேல் கொட்டுகிற மழைதான் முதலில் கேட்டது, பிறகுதான் அவர் குரல்.

“மயிலா, புடிச்சிருச்சு. ராத்திரியெல்லாம் அடிக்குது. வண்டிய மேட்டுல ஏத்தி நிறுத்தியாச்சு.” மூச்சு வாங்கப் பேசினார். மழைச் சத்தத்தை மீறிப் பேசவேண்டியிருந்ததோ, சந்தோஷமோ. “ஓனர்கிட்டச் சொல்லிப்போட்டேன். ரோடு வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும், இனி நான் வடக்க வர்றதா இல்லைன்னு. நாளைக்கு ரயில் ஏறறேன்.”

மயிலம்மாளின் கைகள் நிற்கவில்லை. வளைத்தது, கிள்ளியது, மடியில் போட்டது. பக்கத்து வரிசையில் ஆத்தாயியின் கைகள்தான் நின்றன.

“இப்ப வர வேண்டாமுங்க” என்றாள் மயிலம்மாள்.

மழை பெய்துகொண்டே இருந்தது. அவருக்குக் கேட்கவில்லையோ என்று ஆத்தாயி நினைத்தாள்.

“ஏன் புள்ள?” என்றார் அவர்.

அதிகாரியைச் சொல்ல வேண்டும். வாய்தாவைச் சொல்ல வேண்டும். அவர் வந்து நின்று கையெழுத்துப் போட்டால் காடு போய்விடும் என்றும், வராமல் இருந்தால் கொஞ்ச நாளைக்காவது நிற்கும் என்றும் சொல்ல வேண்டும். தலைத்துண்டை அவிழ்த்துப் போனைக் கையில் எடுத்தாள். மடியிலிருந்த மொக்கு சிந்தச் சிந்த, வரிசைகளைக் குறுக்கே கடந்து போர் இருக்கிற இடத்துக்கு வந்தாள். மோட்டாரைப் போட்டாள். குழாய் இரண்டு தடவை செருமி, காற்றைத் துப்பி, பிறகு கையகலத் தண்ணீராகத் தொட்டியில் விழுந்தது. விழுகிற இடத்துக்கு அருகே குந்தி உட்கார்ந்து, அந்தச் சத்தம் அவருக்குக் கேட்கும்படி போனை அதன் பக்கமாக நீட்டிப் பிடித்தாள். முழங்கை வரைக்கும் நனைந்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை.